கிணற்றடி வரைக்கும்

மேல்வீட்டு அன்ரிக்கு ஒரு சாமான் விற்பதற்கு நிறையப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே குறைவு. வவுனியாவில் ஒரு கொம்பியூட்டர் கடையில் ஐந்து வருடம் கவுண்டரில் நின்றவள் நான். ஆள் வாயைத் திறக்க முதலே அவருக்கு எது சரிவரும் என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு தலைக்கனமும் இருந்தது. அதை இறக்கி வைத்தவர் இந்த அன்ரிதான்.

இரண்டு அறை வீட்டுக்கு ஒரு ரவுட்டர் வாங்க அவருக்குப் பதினொரு நாள் சென்றது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, புரட்டாதி மாதம். கனடாவில் இருந்த மகள், ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் லப்டொப் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தாள். கிழமைக்கு ஒருதரமாவது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். வீட்டுச் சொந்தக்காரர், பின்வளவில் இருந்த முஸ்லிம் நானாவின் ரெலிபோன் லைனிலேயே இன்ரநெட்டும் எடுத்தாயிற்று. லைன் மேல்மாடி வாசலில் வந்து நின்றது. அங்கிருந்து பத்தடி வயரை உள்ளே இழுத்துச் சுவரோரம் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. நானாவே சுத்தியலோடு வந்து நின்றார். அன்ரி விடவில்லை. பத்து நாளுக்கென்று வந்தவள் மற்றவர்களுடைய சுவரில் ஆணி அடிப்பது என்ன நியாயம் என்று கேட்டார். அவர் வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஆகவே வயர் இல்லாமல் ஓடுகிற பெட்டி தேடி எங்கள் கடைக்கு வந்தார். கடையில் இரண்டே வகை இருந்தன. ஒரு அன்ரனா வைத்த சின்னது ஒன்று, மூன்று அன்ரனா வைத்த பெரியது ஒன்று. பெரியதை அலுவலகங்களுக்குத்தான் விற்போம். வீடுகளுக்கு விற்கும்போது, றோட்டுப் பக்க ஜன்னலில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புவோம். அன்ரனாவைக் கண்டு ரோந்து வந்த ஆமிக்காரர் வீட்டுக்குள் ஏறிவிட்டால் பிறகு விளக்கம் சொல்லி முடியாது. நான் சின்னதை எடுத்து வைத்துவிட்டு, ஒரு சம்பிரதாயத்துக்கு அறை எத்தனை அடி என்று கேட்டேன்.

"ஹோல் பதினாறடி. பக்கத்தில ரெண்டு அறை. பிறகு பின்பத்தித் தாழ்வாரம். அதால இறங்கிப் பதினெட்டு எட்டு வைச்சாக் குசினி" என்றார்.

மேல்வீட்டில் குசினி என்று தனியாக ஒன்று இல்லை. பின்னறை மூலையில் ஒரு மேசையும் அடுப்பும் இருந்தன. கட்டிலில் இருந்துகொண்டே கறியைக் கிண்டலாம். கீழ்வீட்டில் நானும் அம்மாவும் இருந்தபடியால் எனக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் தெரியும். அதைச் சொன்னேன்.

"நான் வீட்டைச் சொல்லுறன், பிள்ளை" என்றார் அன்ரி.

வீடு என்றால் கிளிநொச்சி வீடு. யாழ்ப்பாணத்தில் இருந்து அவருடைய தகப்பனார் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து, வாய்க்கால் ஓரத்தில் காடு வெட்டிக் கட்டிய வீடு. அங்கே நின்றது அவருடைய மனுசன் ஒருவர்தான். அந்த வருடம் தை மாதம் கண் ஒப்பரேஷனுக்காக அன்ரி இயக்கம் கொடுத்த பத்து நாள் பயணப் பாஸில் வவுனியாவுக்கு வந்தார். வன்னிக்குள் இருந்து வெளியே வருவதென்றால் திரும்பி வருவேன் என்பதற்கு ஒருவர் அங்கே பிணை நிற்க வேண்டும். அன்ரிக்குப் பிணை நின்றவர் அவருடைய மனுசன். ஒரு கண் முடிந்தது. மற்றக் கண்ணுக்கு நாள் குறித்தார்கள், தள்ளி வைத்தார்கள், திரும்பவும் குறித்தார்கள். அதற்கிடையில் சண்டை கூடி வன்னிப் பாதை அரைகுறையாகப் பூட்டி, பிறகு முழுதாகவே பூட்டிவிட்டது. பிணை நின்றவர் உள்ளே, வந்தவர் வெளியே. தான் திரும்பிப் போகாத ஒவ்வொரு நாளும் அவருக்கு அங்கே கேள்வி வரும் என்று அன்ரி பயந்துகொண்டே இருந்தார். அவருக்கு இருந்த ஒரே எண்ணம் திரும்பிப் போவது. மனுசனிடமும் அந்த வீட்டிடமும் போய்ச் சேர்வது.

அதனால் அவர் வாங்கிய சாமான் எல்லாம் அந்த வீட்டுக்கே வாங்கப்பட்டன. திரைச்சீலை தைப்பித்தார். மேல்வீட்டு ஜன்னல் மூன்றடி, சீலை ஆறடி. மிச்சம் நிலத்தில் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. வெட்டித் தைக்கச் சொன்னால், அங்கே கொண்டுபோய்ப் போடும்போது நீளம் காணாமல் போகும் என்றார். ஹோலுக்கென்று வாங்கிய பெரிய மின்குமிழ் அந்தச் சின்ன அறையில் எரிந்தபோது ஒப்பரேஷன் தியேட்டருக்குள் இருப்பது போல எனக்குக் கண் கூசியது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒருநாள் இரும்புக் கடையில் முப்பது முழம் கிணற்றுக் கயிறு வாங்கிக்கொண்டு வந்தார். பைப்பைத் திறந்தால் தண்ணீர் வருகிற மேல்மாடிக்கு!

மேல்மாடியில் கிணறு வெட்டப் போகிறீர்களோ என்று நான் பகிடி விட்டேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். அன்ரி கோபிக்கவில்லை. தான் வெளிக்கிடும்போதே அங்கே கயிறு இற்றுப்போய் இருந்தது, மனுசன் புதுக் கயிறு வாங்கவே மாட்டார், அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுப் போட்டே சமாளிப்பார், முடிச்சு கப்பியில் சிக்கி ஒருநாள் வாளியோடு விழப்போகிறார் என்று விளக்கம் சொன்னார். சொல்லும்போது அவருக்கு மனுசனில் உண்மையாகவே கோபம் வந்தது. கயிற்றைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

இப்படித் திட்டுவது தினமும் நடக்கும். காலையில் மேலே சத்தம் கேட்கும். ஆர் வந்திருக்கினம் என்று அம்மா என்னைக் கேட்பா. ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். மாட்டை அவிழ்த்துக் கட்டினீர்களோ, வரம்பால் நடக்கும்போது பார்த்து நடவுங்கோ, தேத்தண்ணிக்கு இன்றைக்கும் சீனி அள்ளிப் போட்டீர்களோ என்று அன்ரி தன் பாட்டில் கதைத்துக்கொண்டு வீடு கூட்டுவார். தனிய இருக்கிற மனுசி, பாவம் என்று எங்கள் வீட்டில் இரக்கப்படுவோம். எனக்கு இரக்கம் வந்த அளவுக்கு எரிச்சலும் வந்தது. ஒளிப்பானேன், அந்த எரிச்சலுக்குள் பயமும் இருந்தது. திரும்பிப் போக வழியில்லை என்ற உண்மை இந்த மனுசிக்கு ஒருநாள் தெரியவரும்போது பக்கத்தில் நிற்கப்போவது நான்தானே என்ற பயம்.

ரவுட்டர் கதைக்கு வருகிறேன். நான் விடவில்லை, அன்ரியும் விடவில்லை. கடை பூட்டுவதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது வருவார். கதிரையில் இருந்துகொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார். செங்கல் சுவர் மறிக்குமோ? குசினிக்கு மண்சுவர், அது மறிக்குமோ? நான் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். அதில் கொங்கிறீட் இருந்தது, கண்ணாடி இருந்தது, மண்சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மண்சுவர் பெரிதாக மறிக்காது என்று என் பாட்டுக்குச் சொன்னேன். தகரக் கூரை? தகரம் கொஞ்சம் மறிக்கும் என்றேன். அன்ரியின் முகம் வாடிவிட்டது. அவருடைய வீடு தகரக் கூரை போட்டது. பிறகு கிணற்றடிக்கு வந்தார். குசினியில் இருந்து கிணற்றடிக்கு இன்னும் இருபத்திரண்டு எட்டு. மனுசன் பின்னேரத்தில் கிணற்றடிக் கல்லில்தான் இருப்பார், மகளோடு அங்கிருந்தே கதைக்க வேண்டும் என்றால் அதுவரைக்கும் எடுக்குமோ?

"அன்ரி, கிளிநொச்சியில லைனே இல்லை. லைன் இல்லாமல் இந்தப் பெட்டி அங்க என்ன செய்யும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"போன முறை பாதை திறக்கேக்க என்ன வரேல்லை? பஸ் வந்தது, ஐஸ்கிறீம் வந்தது, காசு எடுக்கிற மிசின்கூட வந்தது. பாதை திறந்தா லைனும் வரும்" என்றார்.

இரண்டாயிரத்து இரண்டில் பாதை திறந்தபோது நாங்களும் அப்படித்தான் எல்லாம் வரும் என்று நம்பினோம். அந்தக் கோடையில் நானும் அம்மாவும் புளியங்குளத்தில் பஸ்ஸை நிற்பாட்டி இறங்கி, ஒரு காரணமும் இல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். போகலாம் என்பதற்காகவே போய் வந்தோம்.

என் முறைப்பாட்டை வீட்டுக்கார நானாவிடம் கொண்டுபோனேன். அவர் முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது வெளிக்கிட்டு, புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் அகதியாக இருந்துவிட்டு, சமாதானக் காலத்தில் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வவுனியாவிலேயே வியாபாரத்தைத் தொடங்கியவர். நான் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அளக்கட்டும், விடுங்க மகள். நானும் புத்தளத்தில இருந்துகொண்டு பன்ரண்டு வருஷம் முல்லைத்தீவில கடை நடத்தினவன்தான்" என்றார்.

கடையைப் போய்ப் பார்த்தபோது என்ன இருந்தது என்று நான் கேட்டேன். அவர் தண்ணீர் மோட்டரைப் போடப் போய்விட்டார்.

அன்ரியின் மனுசனிடம் இருந்து கடிதம் வருவது லொறியில். அந்தப் பக்கம் நிவாரணச் சாமான் ஏற்றிப் போகிற சாரதிகளில் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று கொப்பித் தாளில் எழுதிய ஒரு துண்டு வரும். அதை அன்ரியால் வாசிக்க முடியாது. வாசிக்கிற கண்ணாடி மற்றக் கண்ணும் முடிந்த பிறகுதான் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே வாசிப்பது என் வேலை. அங்கிளுக்குக் கடிதம் எழுத வராது. மாடு சுகம், நெல் பரவாயில்லை, நீர் கண்ணைக் கசக்க வேண்டாம் என்று மூன்று வரியில் முடித்துவிடுவார். அதை நான் மூன்று தரம் வாசிக்க வேண்டும்.

பத்தாவது நாள் பின்னேரம் ஒரு கடிதம் வந்தது. அன்ரி கட்டிலில் இருந்தார், நான் ஜன்னலோடு நின்று வாசித்தேன். வழமையான சுகம் விசாரிப்புக்குப் பிறகு, கிளிநொச்சிச் சனம் எல்லாம் கிழக்கே வெளிக்கிடுகிறது என்று எழுதியிருந்தார். அதை வாசித்தேன். அடுத்த வரியில், கூரைத் தகரம் முழுதும் கழற்றியாயிற்று, கதவு நிலைகளும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியாயிற்று, மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டேன், நாளைக்கு விசுவமடுப் பக்கம் போகிறேன், இனி வீடென்று ஒன்றும் இல்லை என்று இருந்தது.

என் கண் அந்த வரியைத் தாண்டியது. வாய் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனது. "நான் நல்ல சுகம். நீர் கண்ணைக் கவனமாகப் பாரும்" என்று வாசித்து முடித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். இரண்டாவது தரமும் அதே இடத்தை விட்டு வாசித்தேன். மூன்றாவது தரம் எனக்குக் குரல் நடுங்கவே இல்லை. பொய் அவ்வளவு சுலபமாகப் பழகிவிடுகிறது. கிழக்கே போகிற சனத்துக்கு மனுசன் தங்கள் வீட்டில் தேத்தண்ணி கொடுத்திருப்பார், அவர் அப்படித்தான் என்று அன்ரி சொன்னார். கடிதத்தை வாங்கி மடித்து, மற்றக் கடிதங்களோடு உடுப்புப் பெட்டிக்குள் வைத்தார்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் நேராகச் சொல்லத் தெரியவில்லை. அவருக்காக என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்காகவும்தான். அந்த அறையில், அந்த நேரத்தில், அவர் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் அன்ரி கடைக்கு வந்தபோது நான் மூன்று அன்ரனாப் பெட்டியை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். இதுதான் உங்களுக்குச் சரி, தகரத்துக்கும் தாக்குப்பிடிக்கும் என்றேன். தான் வென்றுவிட்டதாக அவருக்குப் பெரிய சந்தோசம். நேற்றுவரைக்கும் என்ன சண்டை பிடித்தாய் என்று என் கன்னத்தில் தட்டினார். தகரமே இல்லாத ஒரு வீட்டுக்கு நான் விற்ற பெட்டி அது.

ரவுட்டரை அன்ரி பெட்டிக்குள்ளேயே வைத்தார். கொண்டுவந்த மட்டைப்பெட்டிக்குள் நிற்கவைத்து, அன்ரனா மூன்றையும் மட்டும் வெளியே விட்டார். போகிற அன்று மூடிக் கட்ட வசதி என்றார். சூடாகிப் பழுதாகும் என்று நான் ஏசிய பிறகு வெளியே எடுத்தார். மட்டைப்பெட்டியை எறியவில்லை.

ஐப்பசியில் மற்றக் கண்ணும் முடிந்து கண்ணாடியும் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அன்ரி புதுக் கண்ணாடியோடு, விரித்த லப்டொப்பை இரண்டு கையிலும் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு மாடிப்படியால் இறங்கி வந்தார். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. திரையில் மகள். இது பத்தி, இதால இறங்கினால் முற்றம், இந்தா குசினிக்கு வந்திட்டன் என்று அன்ரி சொல்ல, அந்தப் பக்கத்தில் மகளும் ஓம் அம்மா, ஓம் அம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குசினி என்று அவர் சொன்ன இடத்தில் நானாவின் மோட்டச்சைக்கிள் நின்றது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு கேற்றைத் திறந்து றோட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் வவுனியா றோட்டில் அப்படி ஒரு சாமானைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒருவரும் நடக்க மாட்டார்கள். ஈர உடுப்பைப் போட்டுவிட்டு நான் கேற்றடிக்கு ஓடினேன். சந்தி முடக்கில் நின்ற இரண்டு ஆமிக்காரர் அவரை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அன்ரி அவனைப் பார்த்து, நிதானமாகத் தமிழில் சொன்னார்.

"கிணத்தடி மட்டும் எடுக்குதோ எண்டு பாக்கிறன், தம்பி."

நானா உள்ளே இருந்து சாரத்தோடு ஓடி வந்தார். புத்தளத்தில் பழகிய சிங்களம் அன்றைக்குத்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. வெளிநாட்டில் இருக்கிற மகளோடு கதைக்கிறா, வீட்டுக்குள் தெளிவில்லை என்று வெளியே வந்துவிட்டா என்று சொன்னார். ஆமிக்காரன் குனிந்து திரையைப் பார்த்தான். அதில் தன்னுடைய முகமும் ஒரு மூலையில் தெரிவதைக் கண்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டான். உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

திரும்பி வந்த அன்ரி என்னிடம் சொன்னது, முப்பத்தொரு எட்டில் படம் நின்றுவிட்டது, கிணற்றடிக்கு இன்னும் ஒன்பது எட்டுக் காணாது என்பதுதான். நான் கத்திவிட்டேன். உங்களுக்குப் புத்தி இருக்கிறதோ, பிடித்துக்கொண்டு போனால் ஆர் உங்களைத் தேடுவது என்றெல்லாம் கேட்டேன். அன்ரி தலையைக் குனிந்துகொண்டு படியேறிப் போனார். அன்று இரவு சாப்பாடு கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டேன்.

மகள் ஒருதரம் கடைக்குப் போன் எடுத்தாள். அம்மாவுக்குத் தலை சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன். அம்மா வீட்டைச் சுற்றிக் காட்டும்போது எனக்கும் அந்த வீடு முழுக்கத் தெரியுது அக்கா என்று சொல்லி அழுதாள்.

அதற்குப் பிறகு லொறிகளும் நின்றன, கடிதங்களும் நின்றன. மார்கழியும் தையும் மாசியும் எப்படிப் போயின என்று எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் வீட்டு ரீவியில் கிளிநொச்சி காட்டினார்கள். கூரை இல்லாத வீடுகள் வரிசையாக நின்றன. அன்ரி மேலே இருந்து இறங்கி வருகிற சத்தம் கேட்டால் நான் ரீவியை நிற்பாட்டிவிடுவேன். அவரும் ஏன் நிற்பாட்டினாய் என்று கேட்கவில்லை. சித்திரை தொடங்கி பஸ் பஸ்ஸாக வன்னிச் சனத்தைக் கொண்டுவந்து செட்டிகுளத்து முகாம்களில் இறக்கினார்கள். அன்ரி ஒவ்வொரு நாளும் போய் முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லிச் சொல்லி விசாரித்தார். ஆனி மாதம் ஒரு நாள், அவருடைய வாய்க்கால் பக்கத்து ஆள் ஒருவர் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து, உங்கட ஆள் இருக்கிறார் என்று கையால் காட்டினார். அறுபது வயதைத் தாண்டியவர்களை உறவினரிடம் விடத் தொடங்கியபோது, நானாதான் வானில் போய் அங்கிளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். அம்மா பாயாசம் வைத்தா. எத்தனையோ பேருடைய ஆட்கள் வரவில்லை, அன்ரியின் ஆள் வந்துவிட்டார். உடம்பில் காயம்கூட இல்லை. ஆனால் அவர் கதைக்கவில்லை. கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்வார். வீட்டுக்குள் இருக்க மாட்டார். தலைக்கு மேலே கொங்கிறீட் இருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை போல. விடிந்தால் வெளி மாடிப்படியில் வந்து இருந்துவிடுவார். சாப்பிட உள்ளே போவார், பிறகு படிக்கு வந்துவிடுவார். மேலே வீடு கூட்டுகிற சத்தம் இருந்தது, திட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை.

அவர் வந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியானம் கறிச் சட்டியோடு மேலே போனேன். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிள் அன்றைக்கு ஏனோ வாய் திறந்தார். தகரத்தின் கதையைச் சொன்னார். முப்பத்திரண்டு தகரம். விசுவமடுவில் பாதியை விட்டது, அங்கிருந்து வெளிக்கிடும்போது இன்னும் கொஞ்சம் விட்டது, கடைசியில் நாலைந்து மிஞ்சியபோது ஒரு பிள்ளைக்காரிக்குக் கொடுத்தது. யாரோ ஒருவருடைய சாமானைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். பிறகு அன்ரியைப் பார்த்தார்.

"கழட்டினதெண்டு எழுதினனான்தானே. கடிதம் கிடைக்கேல்லையே?"

சட்டி என் கையில் சுட்டது. வைக்க இடம் தெரியவில்லை. அன்ரி என் பக்கம் திரும்பவே இல்லை.

"கிடைச்சது. பிள்ளைதான் வாசிச்சவள்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. மேலே போய், பின்னறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்ரிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அந்த வரியை நான் வாசிக்காமல் விட்டேன் என்று சொன்னேன். சொல்லி முடிக்க முதலே அழுகை வந்துவிட்டது.

"தெரியும்" என்றார். "கண்ணாடி தந்த அண்டைக்கே எல்லாக் கடிதத்தையும் எடுத்து வாசிச்சனான். நீ விட்டு வாசிச்ச இடத்தை நானும் விட்டுத்தான் வாசிச்சனான்."

கேற்றுக்கு வெளியே எண்ணிக்கொண்டு நடந்த அன்று அவருடைய முகத்தில் கண்ணாடி இருந்தது. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. எது போனாலும் அங்கிள் வந்துவிட்டார்தானே அன்ரி, இனி நீங்கள் தனிய இல்லைத்தானே என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

அன்ரி வாசல் பக்கம் பார்த்தார். படியில் அங்கிளின் முதுகு தெரிந்தது. அன்ரி குரலைத் தணித்துக்கொண்டார்.

"அவர் அங்க இருக்கேக்க நான் ஒருநாளும் தனிய இருக்கேல்லைப் பிள்ளை. விடிஞ்சாப் பொழுதுபடும் மட்டும் அவரோட அந்த வீட்டுக்குள்ளதான் திரிஞ்சனான். கதைச்சனான், சண்டை பிடிச்சனான். இப்ப அவர் வந்திட்டார். வீடு இல்லையெண்டும் சொல்லிப்போட்டார். இனி நான் எங்க போய் அவரோட கதைக்கிறது?"

மிச்ச வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட்டு எழும்பினேன். நான் இறங்கி வரும்போது அங்கிள் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார். உள்ளே போய் அவவோடு கொஞ்ச நேரம் இருங்கோ என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.